ஹீட்டர் இல்லீங்க

கண்ணு,

நீயும் உன் அம்மாவும் சூட்கேஸ் வாங்கப் பொள்ளாச்சிக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. வாசலில் வேன் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது, நீயோ அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த வெயிலில் முக்குவரை நடந்துபோய்ப் பஸ்ஸுக்கு நின்றாய். நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிப் பஸ்ஸில் திரும்பி வருவீர்கள். அதற்குள் இதை எழுதி முடித்தாக வேண்டும். இது என் யோசனை இல்லை, உன் அம்மாவின் உத்தரவு. காலையில் அவள் உன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது, ஆறு மாதமாக என் நெஞ்சில் கிடந்த ஒன்றை அவளிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மடித்த சட்டையையே மறுபடி உதறி மடித்தாள். "எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? செத்தது எம்பட தேனீயா? அவங்கிட்டச் சொல்லுங்க. நான் அவனை டவுனுக்குக் கூட்டிட்டுப் போறன். அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்துருவம். வாயில வரலீன்னா எழுதியாச்சும் வெய்யுங்க. இல்லீன்னா நானே சொல்லிப்போடுவன்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். வளைகுடாவில் ஏதோ ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலை. ஏழு வயதில் என் ரேடியோவைக் கழற்றிப் பாயில் பரப்பி, நான் அடிக்க ஓடி வருவதற்குள் திரும்பப் பூட்டிப் பாட வைத்தவன் நீ. ஏண்டா உனக்கு இந்த வேலை என்று கேட்டேன். "பொட்டிய எடுத்து அடுக்கறதுதானுங்கப்பா. அதுல நான் கெடுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாய். அப்போது நான் சோற்றில் கை வைத்திருந்தேன். தண்ணீரைக் குடித்துத்தான் அந்தக் கவளத்தை உள்ளே இறக்கினேன். தோப்பு மோட்டார் நின்றால் இப்போதெல்லாம் நீ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறாய். கேஸ் அடுப்பை மூடினோமா என்று மூன்று தரம் எழுந்து போகிறாய். உன் ஸ்பேனர் செட்டைப் பக்கத்துத் தோப்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய். உன் கை மேல் உனக்கிருந்த நம்பிக்கை சின்னார்க் காட்டு ரோட்டில் செத்துப்போனது. நீ அதைத் தொலைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை சாமி, அதை நான் எடுத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்காமல் உன்னை விமானம் ஏற்றினால் நான் மனுஷனில்லை.

முதலில் அந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உனக்குத் தெரிந்ததில் பாதி பொய். மூணாறில் டூரிஸ்ட்களை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து அதை வாங்கினோம். மலையில் ஓடிய வண்டி என்பதால் உள்ளே ஹீட்டர் இருந்தது. இன்ஜினில் சுடுகிற தண்ணீர் இரண்டு ரப்பர் குழாய் வழியாக முன்சீட்டின் காலடிக்கு வந்து சுற்றிப் போகும். நம்மூர் முதலமடை வெயிலில் ஹீட்டரை வைத்து என்ன செய்வது என்று நாம் சிரித்தோம், உன் அம்மா அதன் மேல் துணி காயவைக்கலாம் என்றாள். நீ கோயமுத்தூரில் படித்துக்கொண்டிருந்தபோது அந்த ஹீட்டர் ஒழுக ஆரம்பித்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் தோப்பு மோட்டார் ஸ்டார்ட்டரை நான் கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்து, நீ தொட்டு, கரண்ட் அடித்துத் தூக்கி எறிந்தது. எழுந்து உட்கார்ந்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை, "இனிமே எதையும் நீங்களா ஒட்ட வெக்காதீங்கப்பா, என் மேல சத்தியம் பண்ணுங்க" என்பது. சத்தியம் பண்ணினேன். அதனால் ஹீட்டர் ஒழுகுகிறது என்று போனில் சொன்னபோது, பொள்ளாச்சி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துச் சரிசெய்துவிட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஒர்க்‌ஷாப்புமில்லை, ஒன்றுமில்லை. மாமரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஹீட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு குழாய் முனையையும் நேருக்கு நேர் சேர்த்துவிட்டேன். சேர்க்க ஒரு இணைப்பு வேண்டுமே. தோப்பில் என்ன கிடக்கும்? சொட்டுநீர்க் குழாயை ஒட்டுகிற கறுப்புப் பிளாஸ்டிக் ஜாயின்ட் ஒரு சாக்கு நிறையக் கிடந்தது. அளவெடுத்துச் செய்ததுபோல் உள்ளே போய் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கி, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பச்சைத்தண்ணீர் ஓடுகிற ஜாயின்டில் கொதிக்கிற தண்ணீரை விட்டால் என்னாகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முதலமடைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் சமதரையில் ஓடுகிற வண்டி, இதுக்குப் போதும் என்று நினைத்தேன். போதுமாகத்தான் இருந்தது, ஆறு வருஷம். அதற்குள் நானே அதை மறந்துவிட்டேன். நீ படிப்பு முடிந்து வந்து, மாம்பூவையே பார்த்துக்கொண்டு நின்று, தேனீ வளர்க்கிறேன் என்றபோது உன்னை என்ன பேச்சுப் பேசினேன்! ஈ மேய்க்கிறவன் என்று சந்தையில் நாலு பேர் எதிரில் சொன்னேன். பூ சமயத்தில் மருந்தடிக்காதீர்கள் என்று நீ கெஞ்சியபோது, ஈக்காக நான் தோப்பைப் பூச்சிக்கு விட முடியுமா என்று குதித்தேன். கடைசியில் பொழுது சாய்ந்து ஈ கூட்டுக்குள் போன பிறகுதான் மருந்து என்று ஒப்புக்கொண்டேன், முணுமுணுத்துக்கொண்டே. அந்த வருஷம் காய் நன்றாகப் பிடித்திருந்தது. உன் ஈக்களால்தான். தோப்பில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். உன்னிடம் மட்டும் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், வைத்துக்கொள்.

இனி அந்த மாசி மாதத்துக் காலைக்கு வருகிறேன். எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மாம்பூ முடிந்திருந்தது. காந்தலூரில் பூ ஆரம்பம். முப்பது பெட்டியையும் மலைக்கு ஏற்றி அங்கே வைத்துவிட்டு வரவேண்டும் என்று நீ ஒரு மாதமாகத் திட்டம் போட்டாய். ஈ எல்லாம் அடைந்த பிறகு முந்தின நாள் பொழுதோடு ஒவ்வொரு பெட்டி வாசலையும் கம்பிவலையால் அடைத்தாய். தோப்பில் இருக்கிற ஸ்பிரேயர் எதிலும் மருந்து வாடை இருக்கும் என்று, வழியில் சூடேறினால் பெட்டிகளுக்குத் தண்ணீர் தெளிக்கப் புதிதாக ஒரு கைஸ்பிரேயர் வாங்கி வைத்திருந்தாய். இருபது லிட்டர் கேன் ஒன்றில் அதற்கான தண்ணீர். அதற்கு முந்தின வாரமே ரேடியேட்டரின் அடி ஹோஸ் பழசாகிவிட்டது என்று நீயே புது ஹோஸ் போட்டு, புது கிளாம்ப் மாட்டி இறுக்கியிருந்தாய். கிளம்பும்போது வண்டியைச் சுற்றி வந்து என்னிடம் கேட்டாய். "ஹீட்டர் லைன் ஒர்க்‌ஷாப்ல மாத்துனதுதானுங்களே? மலை ஏத்தம், அதான் கேக்கறன்." நான் "ஆமாடா, கெளம்பு. பொழுது உடியறதுக்குள்ள செக்போஸ்ட்டுக்குப் போகோணும்" என்றேன். அந்த நொடியில் ஜாயின்ட் எனக்கு ஞாபகம் வந்தது. வந்துதான் சொன்னேன்.

சின்னார்ச் செக்போஸ்ட்டில் முன்னால் நின்ற லாரியின் பாஸில் ஏதோ வில்லங்கம். கேட் திறந்தும் நாம் நகர முடியவில்லை. பெட்டிக்குள் ஈக்கள் இரைய ஆரம்பித்துவிட்டன. நீ நிமிஷத்துக்கு ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்தாய். கடைசியில் விட்டார்கள். யானை நடமாட்டம் உள்ள காடு, வழியில் எங்கேயும் நிறுத்தக் கூடாது என்று ஃபாரஸ்ட் கார்டு கையை ஆட்டிச் சொன்னார். நாலைந்து வளைவு ஏறியிருப்போம். வண்டிக்குள் ஒரு இனிப்பு வாசம். "பொட்டில எங்கியோ தேனடை ஒடைஞ்சிருச்சாட்டம். தேன் வாசம் வருதுங்கப்பா" என்றாய். தேன் வண்டியில் இனிப்பு வாசம் வந்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் கண்ணு, அந்த வாசம் பின்னாலிருந்து வரவில்லை. என் இடது காலடியிலிருந்து, வெதுவெதுவென்று வந்தது. இன்ஜின் தண்ணீரில் கலக்கிற அந்தப் பச்சைக் கூலன்ட் சுட்டால் இனிப்பாகத்தான் மணக்கும். எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அடுத்த வளைவில் சூடு காட்டுகிற முள் சடாரென்று சிவப்புக்குப் போனது, சீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. நீ வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தாய்.

அணைத்ததும்தான் பின்னாலிருந்து வந்த சத்தம் முழுசாகக் கேட்டது. முப்பது பெட்டி ஈயும் சேர்ந்து இரைந்தன. ஓடும்போது காற்று அடித்தது, நின்றதும் காற்று இல்லை. சுற்றிலும் முள்ளுக்காடு, ஒரு கை நிழல் கிடையாது, போனில் சிக்னல் இல்லை. வாசலைத் திறந்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். "தொறந்தா அத்தனையும் வெளிய வந்துருமுங்கப்பா. மறுக்கா உள்ள வர பொழுது எறங்கோணும். அதுவரைக்கும் இந்தக் காட்டுல நிக்க உடுவாங்களா? பஸ் வரும், பைக்ல ஆளு வரும், கொட்டிக் கொன்னுபோடும்" என்றாய். நீ அப்போது எவ்வளவு நிதானமாக இருந்தாய் தெரியுமா? ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு தொடாமல், கால்மணி நேரம் காத்திருந்தாய். அதற்குள் அடியில் படுத்துப் பார்த்தாய். தரையில் சொட்டு அதிகமில்லை, சூட்டில் பாதி ஆவியாகிவிட்டது. ரேடியேட்டர் முகத்தைத் தடவினாய், ஓட்டை இல்லை. தண்ணீர் பம்புக்கு அடியில் விரல் வைத்தாய், ஈரமில்லை. மூடியின் ரப்பரைப் பார்த்தாய், நன்றாக இருந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, நீ போட்ட அடி ஹோஸில் பச்சை ஈரத்தைப் பார்த்தாய். உன் முகம் விழுந்தது. "நான் போட்டதுதானுங்கப்பா" என்றாய்.

கிளாம்பை இறுக்கினாய். அப்புறம் கேனைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாய். இருந்தது ஒரே கேன். இன்ஜினுக்கு ஊற்றினால் ஈக்குத் தண்ணீர் இல்லை, ஈக்குத் தெளித்தால் வண்டி நகராது. "என்ன பண்றதுங்கப்பா?" என்று கேட்டாய். உன் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் நீ என்னிடம் யோசனை கேட்டாய் என்று நினைக்கிறேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். என் காலடித் தகட்டைக் கழற்று, அங்கேதான் ஓட்டை, அதை அடைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்று, பத்து நிமிஷ வேலை. என் மீசை அதற்குக் குறுக்கே நின்றது. "ஊத்துடா, இறுக்கியாச்சல்ல" என்றேன். முக்கால் கேன் உள்ளே போனது. மிச்சத்தைப் பெட்டிகள் மேல் தெளித்தாய். வண்டி கிளம்பியது, முள் இறங்கியது, நீ சிரித்தாய். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மறுபடி அதே இனிப்பு வாசம், அதே ஆவி. ஊற்றிய தண்ணீரெல்லாம் அந்த ஜாயின்ட் வழியாக ரோட்டுக்குப் போய்விட்டது. நீ அடியில் போய்ப் படுத்து அதே கிளாம்பை மறுபடி இறுக்கினாய், ஸ்பேனர் நழுவி முட்டியில் தோல் உரிந்தது. வெயில் ஏறிவிட்டது. பெட்டித் தகரத்தில் கை வைக்க முடியவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்த ஜீப் வந்தது. கண்ணாடியில் ஜெபமாலை தொங்க, எட்டுப் பத்துப் பேரும் மூட்டையுமாக மறையூர்ப் பக்கம் ஏறிப் போகிற ஜீப். டிரைவர் சேவியர், காந்தலூரில் குடியிருப்பவர், இறங்கி வந்து வண்டிக்குள் தலையை நீட்டினார். "தம்பி, இது தேன் மணம் இல்ல, கூலன்ட் மணம்லா" என்றார். அப்புறம் நேராக என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, வண்டில ஹீட்டர் உண்டுமா? மலைவண்டின்னா மொதல்ல அந்தக் குழாயத்தான் பாக்கணும்." நீயும் திரும்பி என்னைப் பார்த்தாய். ஜீப்பில் இருந்தவர்களும் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "ஹீட்டர் இல்லீங்க."

அது முழுப் பொய்கூட இல்லை. ஹீட்டரை நான்தான் கழற்றி எறிந்துவிட்டேனே. இந்த ஆறு மாதத்தில் எத்தனையோ தரம் அதைச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொண்டேன். தூ! அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் அந்தப் பதில் பச்சைப் பொய். ஏன் சொன்னேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். உன் மேல் பண்ணிய சத்தியம் பொய்யாகிவிடும் என்ற வெட்கம் ஒன்று. ஊர் பேர் தெரியாதவர்கள் எதிரில் மகனிடம் மாட்டிக்கொள்கிற அவமானம் ஒன்று. இன்னொன்றும் இருந்ததோ என்று பயமாக இருக்கிறது. இந்த ஈ வேலை இத்தோடு தொலைந்தால் இவன் தோப்புக்கு வருவான் என்று மனசின் ஏதோ ஒரு மூலை அந்த நேரத்தில் நினைத்ததா? நினைக்கவில்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு முடியவில்லை. அதையும் உன்னிடம் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பாதிப் பொய்யாகிவிடும்.

சேவியர் அதற்கு மேல் கேட்கவில்லை. இருந்த இரண்டு பாட்டில் தண்ணீரைப் பெட்டிக்குத் தெளிக்கக் கொடுத்தார், உன்னை ஏற்றிக்கொண்டு தண்ணீர் எடுக்க மறையூர் போனார். ஜீப் வளைவில் மறைந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் ஸ்பேனரை எடுத்து என் காலடித் தகட்டைக் கழற்றினேன். ஜாயின்ட் நடுவில் பிளந்து கிடந்தது. பிளாஸ்டிக் பிஸ்கட்போல் மொறுமொறுத்துப் போயிருந்தது. பெட்டி கட்டுகிற கம்பியை அறுத்து, இரண்டு ரப்பர் முனையையும் மடக்கி இறுக்கிக் கட்டினேன். அந்த அவசரத்தில் எனக்கு யானை ஞாபகம்கூட இல்லை. எல்லாம் ஐந்து நிமிஷம். காலையில் எட்டு மணிக்குச் செய்திருக்க வேண்டிய ஐந்து நிமிஷத்தை ஒன்பதரை மணிக்குச் செய்தேன், ஊற்ற ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாதபோது. பிளந்த ஜாயின்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். அப்புறம் குனிந்து உன் அடி ஹோஸைத் தடவிப் பார்த்தேன். இதைக் கவனமாகப் படி. ஹோஸின் மேல்பக்கம் நனைந்திருந்தது. அடிப்பக்கத்திலும் உன் கிளாம்பின் கீழேயும் நம்மூர்ச் செம்மண் புழுதி காய்ந்தபடி அப்படியே ஒட்டியிருந்தது. ஒழுகுகிற இடம் என்றால் அடி நனைந்திருக்கும். மேல் நனைந்து அடி காய்ந்திருந்தால், தண்ணீர் அங்கிருந்து வரவில்லை, அங்கே வந்து விழுகிறது என்று அர்த்தம். என் ஜாயின்டிலிருந்து தெறித்ததைக் காற்று உன் ஹோஸ் மேல் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. நீ அவசரத்தில் மேலே விரலில் பட்ட ஈரத்தோடு நின்றுவிட்டாய். ஈக்கள் அப்படி அலறும்போது வேறு எவனும் அதற்குமேல் பார்த்திருக்க மாட்டான்.

இரண்டு பாட்டில் தண்ணீரையும் தெளித்துவிட்டு நின்றேன். ஈ இரைந்தவரைக்கும் எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம் ஒவ்வொரு பெட்டியாக இரைச்சல் அடங்க ஆரம்பித்தது. அதைப்போல் ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை. பெட்டி இடுக்கிலிருந்து தேன் வழிந்தது. உள்ளே மெழுகு உருகி அடை விழுந்துவிட்டது என்று எனக்கே புரிந்தது. ஈ மேய்க்கிறவன் என்று கேலி பண்ணிய வாயால் அந்தப் பெட்டிகளிடம் "பொறுத்துக்கங்க சாமி, இப்ப வந்துருவான், இப்ப வந்துருவான்" என்று பிதற்றிக்கொண்டு நின்றேன்.

சேவியரின் ஜீப்பிலிருந்து நீ இரண்டு கேன் தண்ணீரோடு வந்து குதித்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் நேராக அடியில் போய் உன் கிளாம்பை மூன்றாம் தரம் இறுக்கினாய். தண்ணீர் ஊற்றினாய். வண்டி கிளம்பியது, முள் நடுவில் நின்றது, காந்தலூர் வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகாதே, நான்தான் கட்டிவிட்டேனே. உனக்கோ அது வேறு மாதிரி அர்த்தமானது. "நாந்தான் சரியா இறுக்கலீங்கப்பா. மூணாவது வாட்டி இறுக்குனது நின்னுருச்சு பாருங்க. மொதல்லயே ஒழுங்கா இறுக்கியிருந்தா..." என்று ஓட்டிக்கொண்டே அழுதாய். சொல்ல வாயெடுத்தேன், சத்தியமாக வாயெடுத்தேன். உன் அழுகையைப் பார்த்ததும், இப்போது சொன்னால் இவன் வண்டியைப் பள்ளத்தில் விட்டுவிடுவான், மேலே போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். மேலே போய் நீ ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தாய். பத்தொன்பது பெட்டியில் ஈ வழிந்த தேனில் நனைந்து கறுத்து அடியில் கட்டியாகச் செத்துக் கிடந்தது. மீதி பதினொன்றைச் சேவியரிடம் விட்டுவிட்டு, இனி இது எனக்கு வேண்டாம் என்று இறங்கி வந்தாய். அன்றிலிருந்து நாளை நாளை என்று தள்ளித்தள்ளி இங்கே வந்து நிற்கிறேன்.

போன வாரம் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பஸ் பிடித்துக் காந்தலூர் போனேன். அன்றைக்கு யார் கேட்டதற்குப் பொய் சொன்னேனோ அவரிடமே முதலில் சொல்லிப் பழகலாம் என்று ஒரு கோழைத்தனமான யோசனை. சேவியர் வீட்டுப் பின்னால் பூண்டுக் காட்டு வரப்பில் உன் பெட்டிகள் வரிசையாக இருந்தன. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பால் விடாத கட்டன்சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கும் மூக்கு இருக்குல்லா அண்ணாச்சி. உங்க காலடியிலருந்து மணம் வந்தது எனக்கு அன்னைக்கே தெரியும். மகன் முன்னால ஒரு தகப்பனப் பொய்யனாக்க எனக்கு வாய் வரல. அப்ப நான் பேசியிருக்கணும். பாவத்துல எனக்கும் பங்கு உண்டு" என்றார். நான் அழுதேன். அவர் எழுந்து என்னைப் பெட்டிகளிடம் கூட்டிப்போனார். பதினொன்று இப்போது பதினைந்தாகியிருக்கிறது. ஈ பெருகி அவரே பிரித்து வைத்திருக்கிறார். "இது தம்பியோடது. நான் சும்மா காவல்தான். வாரப்ப வாரட்டும்" என்றார்.

இதைச் சொல்லி உன்னைப் பிடித்து வைக்கிறேன் என்று நினைக்காதே. போகாதே என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. போவதானால் போ. ஆனால் எதையும் கெடுத்துவிடும் கை என்று நினைத்துக்கொண்டு அந்தக் கையைக் கிடங்கில் ஒளித்துவைக்கப் போகாதே. உனக்குப் புத்திமதி சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஒழுக்கு எங்கே என்று தெரியாமல் தேடுகிறவன் தப்புச் செய்தால் அது தப்பே இல்லை. தெரிந்தவன் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றான் பார், அதுதான் தப்பு. நாளைக்கு உனக்கு ஒரு மகன் பிறந்து உன்னிடம் ஏதாவது கேட்டால், எத்தனை பேர் எதிரில் நின்றாலும் சரி, தெரிந்ததைச் சொல்லிவிடு. என் மாதிரி ஆகாதே.

மணி நாலே முக்கால். இந்தக் கடிதத்தை உன் புது சூட்கேஸில் துணிக்கு அடியில் வைத்துவிடலாம், அங்கே போய்ப் படித்துக்கொள்வான் என்று நடுவில் ஒரு புத்தி வந்தது. அதுவும் இன்னொரு ஒளிப்புத்தான் என்று விட்டுவிட்டேன். பஸ் இறங்கி நீ வீட்டுக்குள் வந்ததும் உன் கையில் கொடுப்பேன். கவருக்குள் அந்தப் பிளந்த ஜாயின்டும் இருக்கும். ஆறு மாதமாக என் பீரோவில் வேட்டிக்கு நடுவில் வைத்திருந்தேன். படித்து முடிக்கும்வரை எழுந்து போகாமல் உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். உன் கிளாம்ப் ஒரு சொட்டு ஒழுகவில்லை கண்ணு. முதல் தரம் இறுக்கியதே போதுமாக இருந்தது.

முடித்ததும் திட்டு, அடிக்க வந்தாலும் வா. ஆனால் அதற்கு முன்னால் அன்றைக்குச் சேவியர் கேட்ட அந்தக் கேள்வியை, அம்மாவும் கேட்கும்படி, உன் வாயால் ஒரு தரம் என்னிடம் கேள். நான் பதில் சொல்கிறேன்.

உன் அப்பா